இடைவேளை விடாத ஞாயிற்றுக்கிழமை

தியேட்டர் முகாமைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். நானும் வாசித்தேன். குளிரூட்டி எத்தனை பாகையில் இருக்க வேண்டும், நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவை முதலில் திறக்க வேண்டும், எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. நிறைந்த சபை இருக்கும்போது பாதியில் படத்தை நிறுத்தலாமா என்பது மட்டும் அதில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் கிடந்துவிட்டு, போன வருடம்தான் வீட்டில் வந்து உட்கார்ந்தவள் நான். விடுபட்ட அந்தப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். சுருக்கமாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒருத்தி போன கிழமை என்னிடம் கேட்டாள். "அன்ரி, தலை சுத்திற படமெண்டால் சனம் ஏன் இப்பிடி விழுந்தடிச்சு வருது? வீட்டிலை இருக்கிற தலைச்சுத்து போதாதே?"

கெட்டிக்காரக் கேள்வி. அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் வெள்ளவத்தைத் தியேட்டரில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொட்டாஞ்சேனையில் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். அது சின்னது.

கொட்டாஞ்சேனைத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணாகத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களில் ஒரு மர்மப் படம் ஓடியது. வரிசையில் நின்ற ஒருவர், "படம் எப்பிடித் தங்கச்சி?" என்று கேட்டார். படத்தை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், "சோக்கான படம் அண்ணை. கடைசியிலை அந்த டொக்டர்தான் கொலைகாரன் எண்டு தெரியவரேக்கை நீங்கள் கதிரையிலை இருக்கமாட்டியள்" என்றேன். பின்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான்.

அன்றைய முகாமையாளர் என்னை ஏசவில்லை. படம் முடியும்போது வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களின் முகங்களைப் பார்க்கச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டே வந்தார்கள். என் வாயால் முடிவைக் கேட்டவர்கள், வங்கியில் வரிசையில் நின்று அலுவல் முடித்தவர்கள் மாதிரி வந்தார்கள். "விளங்கிச்சுதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார் அந்த மனிதர்.

விளங்கியது என்றுதான் நினைத்தேன். இப்படியான படத்தில் நாங்கள் விற்பது இரகசியத்தை, அதைக் கடைசி நிமிடம் வரைக்கும் பொத்தி வைத்திருப்பதுதான் எங்கள் வேலை என்று எடுத்துக்கொண்டேன். படம் போட்ட முடிச்சை நான் முந்தி அவிழ்த்தேனா, அது என்னை ஏமாற்றிவிட்டதா என்கிற போட்டிக்குத்தான் சனம் வருகிறது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கோடுதான் முகாமையாளராகி, வெள்ளவத்தைக்கு மாறி, தலை நரைக்கும் வரைக்கும் இருந்தேன். அது பாதிக் கணக்கு என்று தெரியவந்தது ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான்.

இந்தியாவிலிருந்து ஒரு தமிழ்ப் படம் வந்தது. ஒரு பெண் வாடகைக்கு வீடு தேடிப் போகிறாள். அவள் போகிற ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் அவளுடைய படம் தொங்குகிறது. முதல் வீட்டில் பள்ளிக்கூடச் சீருடையோடு, அடுத்த வீட்டில் கலியாணக் கோலத்தில், மூன்றாவது வீட்டில் மாலை போட்டு விளக்கேற்றி. அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை. பிறகு அவளைப் போலவே இன்னொருத்தி வருகிறாள். அவள் யார், இவள் யார், வீடு பார்ப்பது எவள் என்று எங்களுக்கே தலை கிறுகிறுக்கும். முடிவை உங்களுக்கும் சொல்லமாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

அந்தப் படத்தில் இடைவேளை வைக்கவில்லை. ஒரே மூச்சில் ஓட்டுங்கள் என்று படத்தை எடுத்தவர்கள் கேட்டிருந்தார்கள். படம் ஒரே மூச்சில் ஓடும், எங்கள் சனம் ஓடாதே. இடைவேளையில் ஒரு பெட்டிஸ் கடித்து, ஒரு தேத்தண்ணி குடித்து, பக்கத்தில் நிற்கிறவரோடு நாலு வார்த்தை கதைக்காவிட்டால் படம் பார்த்த மாதிரியே இருக்காது எங்களுக்கு. அப்படியான படங்களுக்கு எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் காலையில் முகாமையாளர் வெறுஞ்சபையில் தனியே இருந்து படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்துவது என்று குறித்துக் கொடுப்பார். படத்தைக் கொழும்பில் விநியோகித்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "செய்யுங்கோ, ஆனால் பேச்சு வந்தால் உங்கடை தலையிலை" என்றார்.

ஒரு மணித்தியாலம் பன்னிரண்டு நிமிடத்தில் வைத்தேன். சபையில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காத இடம் அது. இரண்டு பெண்களும் ஒரே கதவால் உள்ளே போகிறார்கள், ஒருத்தி வெளியே வருகிறாள். அதோடு விளக்குப் போடு என்று ஒப்பரேட்டர் சமிந்தவுக்குச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கவுத மிஸ் ஏ எளியட ஆவே?" என்று சிங்களத்தில் என்னிடமே கேட்டான், வெளியே வந்தது யார் என்று. சொல்லவில்லை.

இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் லொபி பாராளுமன்றம் மாதிரி ஆகிவிடும். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் மறித்து விளக்கம் கேட்பார்கள். சிற்றுண்டிச்சாலை நடத்திய நாசர் நானாவுக்குப் படத்தில் ஒரு காட்சியும் தெரியாது. ஆனால் தேத்தண்ணி ஊற்றியபடியே அவரும் தன் பங்குக்கு ஒரு விளக்கம் சொல்லுவார்.

முதல் திங்கட்கிழமை இரண்டரைக் காட்சிக்கு ஒரு வயோதிபத் தம்பதி வந்தார்கள். அவர் சிவஞானம் ஐயா. புதுக்கடை நீதிமன்றங்களில் மூன்று மொழியிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனை. மனைவி பத்மா அக்கா. இரண்டு ஒழுங்கை தள்ளி ஐந்தாம் மாடியில் வீடு. பத்மா அக்கா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னா: "தங்கச்சி, கரைச் சீட்டாய்த் தாங்கோ. இவருக்கு இப்ப ஞாபகம் சரியில்லை. இடையிலை கதைப்பார். ஆரும் குழம்பினால் நாங்கள் எழும்பிப் போயிடுவம்."

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. புத்தி தெளிந்தவர்களுக்கே குழப்பமான படம். இந்த மனிதர் பயந்துபோய்ச் சத்தம் போட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

இடைவேளை வந்தது. ஐயா லொபிக்கு வந்து, பக்கத்தில் நின்ற ஒரு வாலிபனிடம் கேட்டார்: "தம்பி, அந்தப் பொம்பிளை ஆர்?"

"ஐயோ அங்கிள், அதைத்தான் நாங்களும் இஞ்சை மண்டையை உடைச்சுக்கொண்டு நிக்கிறம்" என்றான் அவன்.

ஐயா சிரித்தார். அவன் தன் கூட்டாளிகளைக் காட்டினான், அவர்கள் இவரையும் வட்டத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். "நீங்கள் கோட்டிலை வேலை செய்தனீங்களோ அங்கிள்? அப்ப சொல்லுங்கோ, ஆர் பொய் சொல்லுறது?" என்று ஒருவன் கேட்க, ஐயா நிமிர்ந்து நின்று, சாட்சிக்காரர் பொய் சொல்லும்போது கை எங்கே போகும் என்று விளக்கத் தொடங்கினார். அந்தப் பொடியள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பத்மா அக்கா தூணோரமாக நின்றா. கையில் வாங்கின ரோல்ஸ் கடிக்காமல் அப்படியே இருந்தது. நான் கிட்டப் போனேன்.

"வீட்டிலை இந்தக் கேள்வியைத்தான் நாள் முழுக்கக் கேக்கிறார்" என்றா. "இது ஆர், அது ஆர், நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு. நானும் மனுசிதானே, சில நேரம் கத்திப்போடுவன். மகள் ஃபோனிலை கதைக்கேக்கை, 'இப்பதானே அப்பா சொன்னனான்' எண்டுவாள். இஞ்சை கேட்டால் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லினம் இல்லை தங்கச்சி. அவரோடை சேர்ந்து யோசிக்கினம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தெரியாது. ஒன்றும் விளங்காமல் இருப்பது வெளியில் எவ்வளவு அவமானம். அலுவலகத்தில் விளங்காவிட்டால் மூடன், வீட்டில் விளங்காவிட்டால் பாரம். இப்படி ஒரு படத்துக்குள் இரண்டு மணித்தியாலம் விளங்காமல் இருக்கலாம், பக்கத்தில் ஒரு பேராசிரியர் இருந்தாலும் அவருக்கும் விளங்காது. விளங்காமையில் துணைக்கு ஆள் இருக்கிறது. தலை சுற்றுகிற படத்தின் ருசியில் அரைவாசி இதுதான். அந்த மனிதருக்கு முழுவதுமே இதுதான்.

அதன் பிறகு அவர்கள் திங்கள், புதன் என்று வாரநாள் மதியக் காட்சிக்கெல்லாம் வரத் தொடங்கினார்கள். ஐயாவுக்கு ஒவ்வொரு முறையும் புதுப்படம். இடைவேளைக்கு விளக்கு எரிந்தவுடன் எழும்பி வருவார், நாசர் நானா ஒரு பெட்டிஸும் பிளேன்டீயும் ஆயத்தமாக வைத்திருப்பார், ஐயா அன்றைய சபையில் யாரையாவது பிடித்து வழக்கை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். பத்மா அக்கா முதற்பாதி முழுக்க நித்திரை கொள்ளுவா. அதையும் அவவேதான் சொன்னா. இரவில் அவர் எழும்பி நடப்பதால் அவவுக்கு நித்திரை இல்லை. தியேட்டரில் அவருடைய கண் திரையை விட்டு அசையாது. அந்த ஒரு மணித்தியாலம்தான் அவ கண்ணை மூடுகிற நேரம். இடைவேளை விளக்குத்தான் அவவை எழுப்பும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் செய்தேன்.

நாலாவது சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். படம் பார்த்த சிலர், இந்தத் தியேட்டரில் நடுவில் நிறுத்திப் படத்தைக் கொலை செய்கிறார்கள் என்று இணையத்தில் எழுதியிருக்கிறார்களாம். "வீக்கென்டிலையாவது இடைவேளை இல்லாமல் ஓட்டுங்கோ மிஸ். அதுதானே டைரக்டரும் கேட்டது."

எனக்குச் சுருக்கென்றது. என் இடைவேளையைக் குறை சொல்ல இவர்கள் யார் என்ற கோபம். சரி, வேண்டாமென்றால் வேண்டாம் என்று வீம்பில் ஞாயிற்றுக்கிழமை இடைவேளையை எடுத்துவிட்டேன். சமிந்தவுக்குச் சொன்னேன். நாசர் நானாவுக்குச் சொன்னேன், அவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இரண்டரைக் காட்சிக்குச் சிவஞானம் ஐயாவும் பத்மா அக்காவும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இல்லை. வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் திருத்துகிறார்கள், அந்தத் தட்டுகிற சத்தம் அவருக்கு ஆகவில்லை என்று அழைத்து வந்திருக்கிறா. அவர்கள் உள்ளே போவதை நான் கண்டேன். கையும் காட்டினேன். இன்றைக்கு இடைவேளை இல்லை என்று சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கண்டும் நினைக்கவில்லை என்பதுதான் என் பிழை.

நாலு மணி தாண்டி ஒரு இருபது நிமிடம் இருக்கும். பத்மா அக்கா என் அறை வாசலில் வந்து நின்றா. கத்தவில்லை, அழவில்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தா.

"தங்கச்சி, அவர் சீட்டிலை இல்லை. லைற் போடேல்லையே. நான் எழும்பேல்லை."

கழிப்பறையைப் பார்த்தோம். இல்லை. லொபியில் ஒரு குருவி இல்லை. வாசல் காவலர், மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்று அதை விலக்கப் போயிருந்தார். பக்கக் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவால் இறங்கினால் ஒழுங்கை. ஒழுங்கையின் ஒரு முனையில், காலி நகருக்குப் போகிற காலி வீதியில் பஸ்கள் பறக்கின்றன. மறுமுனையில் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் றெயில் பாதை, அதற்கு அப்பால் கடல். வெள்ளவத்தையில் இருக்கிற உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

அவர் போய் எவ்வளவு நேரம் என்று பத்மா அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. படத்தின் ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் போயிருக்கிறார். படம் அவருக்கு ஞாபகமில்லை, ஆனால் அந்த இடத்தில் எழும்பி வெளியே வர வேண்டும் என்று கால்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல்.

என்னிடம் இருந்தது டிக்கெட் பெண், காவலர், சமிந்த, நான். நாலு பேர். உள்ளே இருநூறுக்கு மேல் சனம். படம் முடிய இன்னும் அரை மணித்தியாலம், முடிச்சு அவிழப்போகிற அரை மணித்தியாலம். கொட்டாஞ்சேனையில் வாங்கின பாடம் அப்படியே முன்னால் வந்து நின்றது. இந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. தலைமை அலுவலகம் என்ன சொல்லும், இணையத்தில் என்ன எழுதுவார்கள், சமிந்தவையும் சேர்த்து நாலு பேராகத் தேடினால் போதாதா என்றெல்லாம் யோசித்தேன். ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். அந்த ஒரு நிமிடத்தை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் அது வரும். வரும்போது, இது கூடாத மனிதர்களுக்குத்தான் வரும் என்று நினைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சமிந்தவுக்கு நிறுத்தச் சொல்லி விளக்கைப் போடுவித்தேன். திரைக்கு முன்னால் போய் நின்றேன். சபை முழுக்க "ஆ" என்று முனகியது. என்ன சொல்வது என்று நடந்து போகும்போதுதான் யோசித்தேன். புத்தி தடுமாறிய ஒருவர் காணாமல் போய்விட்டார் என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே விளங்கும். ஆனால் அவர் திரும்பி வந்தால் இதே சனத்துக்கு முன்னால்தான் வர வேண்டும். அதனால் இப்படிச் சொன்னேன்:

"இஞ்சை வழமையாய் நடுவிலை இடைவேளை விடுறனாங்கள். இண்டைக்கு விடேல்லை, சொல்லவும் இல்லை. அது என்ரை பிழை. எங்கடை ஒரு ஐயா இடைவேளை எண்டு நினைச்சு வெளியிலை போயிட்டார். வயசு போனவர், இந்த ஒழுங்கையளிலை வழி தெரியாது. வெள்ளைச் சேட்டு, பையிலை ரெண்டு பேனை. ஆரும் கண்டனீங்களோ?"

பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவர், "படம் முடியட்டுமே மெடம், பிறகு தேடுவம்" என்றார். "ஐயா வராமல் படம் ஓடாது" என்றேன்.

கரைச் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழும்பினாள். முகம் செத்துப்போயிருந்தது. "என்னைத் தாண்டித்தான் போனவர். 'இடைவேளையோ பிள்ளை' எண்டு கேட்டவர். நான் 'ஷ்' எண்டிட்டன்."

அவள்தான் முதலில் வெளியே ஓடினவள். அவளுக்குப் பின்னால் ஒரு முப்பது பேர் எழும்பினார்கள். நான் பிரித்து அனுப்பவில்லை, அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நீ காலி வீதிப் பக்கம், நாங்கள் மரைன் டிரைவ், இரண்டு பேர் சந்தைக்குப் போங்கோ என்று. மற்றச் சனம் லொபிக்கு வந்தது. நாசர் நானா பள்ளியிலிருந்து திரும்பி வந்து, சங்கதியைக் கேட்டதும் ஷட்டரை முழுதாகத் தூக்கினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"கட தெறந்து ஈந்தா அவரு இங்கயே நிண்டிருப்பாரு மெடம். பெட்டிஸ் எடுக்க வந்திருப்பாரு. அவரு வந்திருக்காருண்டு ஒரு வார்த்த செல்லி ஈந்தா நான் தெறந்தே வெச்சிருப்பேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்மா அக்காவைக் கதிரையில் இருத்தி, அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடற்பக்கமிருந்து றெயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அவவின் விரல்கள் என் கையை இறுக்கின. அந்த றெயில் நிற்காமல் போகிறதா, நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தோம்.

அவரைக் கண்டுபிடித்தது ஒரு நேர்ஸ். களுபோவில ஆஸ்பத்திரியில் வேலை, அன்றைக்கு ஓய்வு என்று தனியே படம் பார்க்க வந்தவ. நடந்ததை அவதான் பிறகு சொன்னா. ஐயா வெளியே வந்து பார்த்திருக்கிறார். லொபியில் சனம் இல்லை, கடை ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது. இடைவேளைச் சனம் வேறெங்கோ போய்விட்டது என்று அதைத் தேடி நடந்திருக்கிறார். மரைன் டிரைவ் தாண்டி றெயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சனம் மேடை நிறைய நின்றிருக்கிறது. இவர் அதற்குள் போய், ஒவ்வொருவராக மறித்து நல்ல சிங்களத்தில் கேட்டிருக்கிறார், அந்தப் பெண் யார் என்று தெரியுமா என்று. சிலர் விலகிப் போயிருக்கிறார்கள், சிலர் சிரித்திருக்கிறார்கள். அவர் நன்றாகப் பயந்து போயிருந்தாராம். றெயில் வந்து நின்று சனம் ஏறத் தொடங்க, படம் தொடங்குகிறது என்று அவரும் ஏறப் போயிருக்கிறார். ஒரு கால் பெட்டியில். அவரைத் தொட்டுப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் போய் நின்று அந்த நேர்ஸ் சொன்னது இதுதான்: "அங்கிள், எங்கடை தியேட்டர் அங்காலை. ரெண்டாம் பாதி தொடங்கப் போகுது, வாங்கோ."

உடனே இறங்கி வந்துவிட்டார்.

அவர் லொபிக்குள் வந்தபோது ஒருவரும் கை தட்டவில்லை, சுற்றி வளைக்கவில்லை. எல்லாரும் தேத்தண்ணியும் கையுமாகப் படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள், அல்லது கதைப்பது போல நின்றார்கள். நாசர் நானா பெட்டிஸை நீட்டினார். பத்மா அக்கா எழும்பி அவருடைய சேட்டுக் கொலரை நேராக்கிவிட்டா. அவ்வளவுதான் செய்தா. பிறகு எல்லாரும் உள்ளே போனோம். மிச்சப் படம் ஓடியது. இருநூறு பேரில் ஒருவர்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதினேன், முதல் வரியில் என் பிழையைப் போட்டு. நீங்களும் அப்படியே எழுதுங்கள். பிழையை மூன்றாம் பந்தியில் ஒளித்து வைத்தால் அதைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். திங்கட்கிழமை முதல் இடைவேளை பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். ஐயா வரவேற்பறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பத்மா அக்கா என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினா.

"நான் நித்திரை கொண்டிட்டன் தங்கச்சி. இனி என்னாலை அங்கை கண் மூடேலாது. கண் மூடாமல் இருக்கிறதெண்டால் வீட்டிலையே இருக்கலாம்."

"அக்கா, நித்திரை கொண்டது உங்கடை பிழை இல்லை. லைற்றைப் போடாதது நான். இனி ஒரு நாளும் போடாமல் விடமாட்டன். பக்கக் கதவிலையும் ஆள் நிக்கும்."

சாத்தின கதவைக் கொஞ்சம் திறந்து அவரை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்ப மட்டும் ஓடும்?" என்று கேட்டா.

"இண்டையோடை முடியுது. நாளைக்குக் குடும்பப் படம் ஒண்டு. நல்ல பகிடியாம், எல்லாருக்கும் பிடிக்கும்."

பத்மா அக்கா தலையை ஆட்டினா. "அது வேண்டாம். அதிலை எல்லாருக்கும் எல்லாம் விளங்கும். இவர் மட்டும் தனிய இருப்பார்."

நான் தியேட்டருக்குத் திரும்பி வந்து விநியோகித்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தக் காலத்துப் படம் பூட்டோடு வரும், அவர்கள் தருகிற கணினித் திறப்பு, குறித்த நாள் வரைக்கும்தான் வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வியாழன் மதியக் காட்சி ஒன்றுக்கு மட்டும் திறப்பு வேண்டும் என்றேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். "ரெண்டு பேர் நிச்சயம்" என்றேன். "ஒரே ஒரு காட்சி மிஸ்" என்றார்.

அந்த நேர்ஸ் ஐயாவின் சுகத்தை அறிய வேண்டும் என்று தன் தொலைபேசி இலக்கத்தை விட்டுப் போயிருந்தா. பத்மா அக்காவைத் தவிர அவவுக்கு மட்டும்தான் சொன்னேன், மற்றவர்களுக்கு அவதான் சொல்லியிருக்கிறா. அடுத்த வியாழக்கிழமை இரண்டரைக்கு ஐயாவையும் அக்காவையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை எழும்பி ஓடினவர்கள். அவர்கள் இரண்டு பேரையும் விட்டால், வந்த எல்லாரும் படத்தை முந்தியே பார்த்தவர்கள், முடிவு தெரிந்தவர்கள்.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் விளக்கு எரிந்தது. ஐயா வந்தார், பெட்டிஸை வாங்கினார், சுற்றிப் பார்த்தார். அன்றைக்கு "ஷ்" என்ற அந்தப் பெண் பிள்ளைதான் பக்கத்தில் நின்றாள். "பிள்ளை, உள்ளை போன ரெண்டு பேரிலை வெளியிலை வந்தது ஆர்?" என்று கேட்டார்.

அவள் நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தாள்.

"எனக்குத் தெரியேல்லை அங்கிள்" என்றாள். "உங்களுக்கு என்ன படுது?"

ஐயா பேனையை எடுத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். நாசர் நானாகூட அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். முடிவு தெரிந்த பதினாறு பேர் சுற்றி நின்று, ஒவ்வொரு சந்தேகமாக அவரைக் கேட்டார்கள், அவர் சொன்னதைத் திருப்பி யோசித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். உள்ளே கரைச் சீட்டில் பத்மா அக்கா விளக்கு எரிந்ததும் தெரியாமல் வாயைத் திறந்தபடி நித்திரையாக இருந்தா. நான் சமிந்தவுக்கு இன்னும் பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன்.